ஃபோர் வீலில் காற்று கம்ப்ரஸர் பொருத்துவது: வயர், வெப்பம், தண்ணீர்

ஜண்டா பாய்க் பக்கத்து மண் தடத்திலிருந்து வெளியே வந்தால் கொஞ்ச நேரத்தில் காராக் நெடுஞ்சாலை. சேற்றுக்காக 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிய டயரை அப்படியே நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டினால் அதன் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்து சூடேறும். அந்தச் சூட்டில்தான் டயர் பிய்கிறது. எண்ணெய் நிலையம் வரை மெதுவாகப் போய்க் காற்றடிக்கலாம் என்றால், மலையிறக்கமும் லோரிகளும் மெதுவாகப் போக விடுவதில்லை. தார் தொடங்கும் இடத்திலேயே நின்று நாலு டயருக்கும் காற்றடித்துவிட்டுக் கிளம்புவதுதான் சரி. அதற்கு வண்டியிலேயே நிரந்தரமாகப் பொருத்திய கம்ப்ரஸர், அதாவது மின்சாரக் காற்றுப் பம்ப், வேண்டும்.

வாங்கும் போது எல்லாரும் பம்பைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். ஆனால் கோலாலம்பூர் வெயிலிலும் மழையிலும் பம்பைக் கொல்வது பெரும்பாலும் பம்பின் குறை அல்ல. மெலிந்த வயர், சூடான இடம், உள்ளே போன தண்ணீர், இந்த மூன்றும்தான். பம்பில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலும் வயரில் பிடிக்காதீர்கள்.

எவ்வளவு பெரிய பம்ப்?

பிக்கப்களில் சாதாரணமாகக் காணும் 265/65ஆர்17 அளவு டயருக்குள் ஏறக்குறைய 70 லிட்டர் இடம் இருக்கும். 18-லிருந்து 35 பி.எஸ்.ஐ.க்கு ஏற்ற, அதாவது நம் எண்ணெய் நிலைய மீட்டர் கணக்கில் 125-லிருந்து 240 கிலோபாஸ்கலுக்கு ஏற்ற, வெளிக்காற்று சுமார் 80 லிட்டர் தேவை. நாலு டயருக்கு 320 லிட்டர். நிமிடத்துக்கு 60 லிட்டர் தரும் பம்ப் கணக்குப்படி ஒரு டயரை ஒன்றரை நிமிடத்துக்குள் முடிக்கும்; ஹோஸும் டயர் வால்வும் காற்றை இறுக்கிப் பிடிப்பதால் இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 லிட்டர் பம்ப் அதற்கு இரு மடங்கு நேரம் எடுக்கும்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் லிட்டர் எண் பெரும்பாலும் எதிரழுத்தமே இல்லாத நிலையில் அளந்தது. 30 பி.எஸ்.ஐ.யில் எவ்வளவு தருகிறது என்ற வரியை உள்ளே தேடிப் பாருங்கள். அந்த எண் கண்டிப்பாகக் குறைவாக இருக்கும். அடுத்து, தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடலாம் என்ற விகிதம். 33 சதவீதம் என்றால் பத்து நிமிடம் ஓடி இருபது நிமிடம் ஆற வேண்டும். மூன்று வண்டிகள் சேர்ந்து போய், உங்கள் ஒரு பம்பால் பன்னிரண்டு டயருக்கும் காற்றடிக்க வேண்டிய நாளில் அந்த எண்ணின் அருமை தெரியும்.

டேங்க் வேண்டுமா?

டயருக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கணக்கைப் பாருங்கள்: 4 லிட்டர் டேங்கில் 120 பி.எஸ்.ஐ. அடைத்து வைத்திருந்தால், அது 40-க்கு இறங்கும் வரை கிடைக்கும் வெளிக்காற்று சுமார் 22 லிட்டர். ஒரு டயருக்கு வேண்டியதில் கால் பங்குதான். 10 லிட்டர் டேங்க்கூட ஒரு டயரை முழுதாக நிரப்பாது. அதற்காக எடையும் இடமும் கசியக்கூடிய ஐந்தாறு மூட்டுகளும் கூடுகின்றன. இம்பாக்ட் கன், காற்று ஹாரன், தூசி ஊதும் கன் போன்றவை இருந்தால் டேங்க் பயன்படும். ஏர் லாக்கருக்கு (காற்றழுத்தத்தால் இரு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பூட்டு), பம்போடு வரும் சின்ன மேனிஃபோல்டே, அதாவது காற்றைப் பிரித்துக் கொடுக்கும் கட்டையே, பெரும்பாலும் போதும்.

டேங்க் வைப்பதானால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்க முடியாது. அது காற்றழுத்தத்துக்கென்றே செய்த, அழுத்த அளவு பொறித்த டேங்காக இருக்க வேண்டும். பிவிசி குழாயை அடைத்து டேங்க் ஆக்கும் யோசனை கொலைகார யோசனை. அது விரிசல் விட்டு நிற்காது, துண்டு துண்டாக வெடிக்கும். டேங்கின் மேல் வேறு எதையும் வெல்டிங் செய்யக்கூடாது. பாதுகாப்பு வால்வு, பம்ப் நிற்கும் அழுத்தத்துக்கு மேலேயும் டேங்கின் தாங்கு அளவுக்குக் கீழேயும் திறப்பதாக இருக்க வேண்டும். வடிகுழாய் மிகத் தாழ்ந்த புள்ளியில், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

எங்கே வைப்பது?

பானட்டுக்குள் வைத்தால் பேட்டரி பக்கம், வயர் குட்டை, வேலை சுலபம். ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ், டிரைட்டன் போன்றவற்றுக்கு ஓட்டையே போடாமல் இருக்கிற போல்ட்டிலேயே மாட்டும் பிராக்கெட்டுகள் கடையில் கிடைக்கின்றன. குறை ஒன்றுதான்: வெப்பம். மெதுவான தடத்தில் ஏறி இறங்கி வந்த வண்டியின் பானட்டுக்குள் காற்றோட்டமே இருக்காது. அந்தச் சூட்டிலேயே பம்பை ஓட்டினால் அதன் வெப்பத் தடுப்பு இரண்டாவது டயரிலேயே அதை நிறுத்திவிடும். டர்போ பக்கமும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கமும் வேண்டவே வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டி இருக்கும் குளிர்ந்த பக்கமும் முன் ஃபெண்டர் ஓரமும் நல்லது. காற்றடிக்கும் போது பானட்டைத் திறந்தே வையுங்கள்.

சீட்டுக்கு அடியில் வைத்தால் குளிர்ச்சி, தூசி இல்லை, தண்ணீர் இல்லை. ஆனால் சத்தம் வரும். மேலும் புது வண்டிகளில் சீட்டுக்கு அடியில் பக்க ஏர்பேக்கின் மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஓடும். அவற்றைத் தொடக்கூடாது, பிராக்கெட் அவற்றை உரசவும் கூடாது.

பின் டிரேயில், கேனபிக்குள், ஒரு பெட்டியில் வைப்பது மூன்றாவது வழி. இடம் தாராளம். ஆனால் பேட்டரியிலிருந்து ஐந்து மீட்டர் வயர், அதன் விலையும் தடிமனும் வேறு. சேஸிஸ் ஓரம், வண்டிக்கு அடியில் வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். உலு லங்காட் ஆறுகளில் ஒரு முறை இறங்கினாலே அந்தப் பம்பின் ஃபில்டருக்குள் தண்ணீர் ஏறிவிடும்.

எங்கே வைத்தாலும் காற்று உறிஞ்சும் ஃபில்டர் உயரமாகவும் முகம் கீழ்நோக்கியும் இருக்கட்டும். பல பம்புகளில் ஃபில்டரைத் தனியே கழற்றி, ஒரு ஹோஸ் மூலம் மேலே கொண்டுபோய் மாட்ட முடியும்.

மாட்டும் வேலை

முதலில் பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள். கடைசியில் அதைத்தான் மாட்ட வேண்டும். சீட்டுக்கு அடியில் வேலை என்றால் கழற்றியபின் சில நிமிடம் காத்திருங்கள், ஏர்பேக் மின்சாரம் வடியட்டும்.

பம்பைப் பிராக்கெட்டில் மாட்டும் முன், போல்ட் இல்லாமல் அப்படியே வைத்துப் பார்த்து பானட்டை மூடுங்கள். பம்பின் தலையில் ஒரு களிமண் உருண்டையை ஒட்டிவைத்து மூடித் திறந்தால் இடைவெளி எவ்வளவு என்று தெரியும். இஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும் என்பதை நினைவில் வைத்து, இஞ்சினோடு சேர்ந்து அசையும் எதற்கும் பம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடமாவது விடுங்கள்.

பிராக்கெட் நீங்களே செய்வதானால் 3 மி.மீ. இரும்புத் தகடு போதும், மடித்து விளிம்பு கொடுத்தால் இன்னும் நல்லது. மெல்லிய அலுமினியம் வேண்டாம். பம்பின் அதிர்வில் மடிப்பிலேயே விரிசல் விடும். எம்8 போல்ட், நைலான் பூட்டு நட், பம்போடு வரும் ரப்பர் புஷ். ரப்பர் நசுங்கிப் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் அதிர்வு அப்படியே பாடிக்குப் போய் காருக்குள் முழங்கும்.

ஓட்டை போட்டால் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள், இரும்புத் துகளைக் காந்தத்தால் எடுங்கள், வெட்டு விளிம்பில் துத்தநாக பெயிண்ட் அடியுங்கள். இங்குள்ள ஈரத்தில் பூச்சில்லாத விளிம்பு வெகு சீக்கிரம் செந்துருவாகிவிடும்.

மின்சாரம்

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய இடம் இதுதான். ஒற்றை மோட்டார் பம்ப் சுமையில் 30 ஆம்பியர் வரை இழுக்கும். இரட்டை மோட்டார் பம்ப் 50-ஐயும் தாண்டும். சிகரெட் லைட்டர் துளை இதற்கு ஆகாது, ஹெட்லைட் வயரிலிருந்து கிளை எடுப்பதும் ஆகாது. நேராகப் பேட்டரியிலிருந்து தனி வயர்.

தடிமன் ஏன் முக்கியம் என்று இந்தக் கணக்கில் தெரியும். பானட்டுக்குள், போக 2 மீட்டர், வர 2 மீட்டர், 6 சதுர மி.மீ. செம்பு வயர், 30 ஆம்பியர்: வழியில் இழப்பது 0.35 வோல்ட். பரவாயில்லை. அதே வயரை டிரே வரை 5 மீட்டர் இழுத்து, 50 ஆம்பியர் பம்புக்குக் கொடுத்தால் இழப்பு சுமார் ஒன்றரை வோல்ட். பம்ப் மெதுவாகச் சுற்றும், மோட்டார் சூடேறும், வயரும் கதகதக்கும். அங்கே 16 சதுர மி.மீ. போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்.

கடையில் வாங்கும் போது இரண்டு ஏமாற்றம் காத்திருக்கும். ஒன்று, "6 மில்லி" என்று சொல்வது சில சமயம் மேலுறையோடு சேர்த்த விட்டமாக இருக்கும். செம்பின் குறுக்குப் பரப்பைக் கேளுங்கள். ஏ.டபிள்யூ.ஜி. என்ற அமெரிக்க வயர் அளவு எண்ணில் விற்றால் 8 என்பது ஏறக்குறைய 8 சதுர மி.மீ., 6 என்பது 13, 4 என்பது 21. எண் குறைந்தால் வயர் தடிக்கும். இன்னொன்று, கார் ஆடியோவுக்கென விற்கும் மலிவு வயர்களில் பல அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். புடுவில் ஜாலான் பாசார் கடைகளில் ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), ஃபியூஸ் ஹோல்டர், வயர் எல்லாவற்றையும் ஒரே நடையில் பார்த்து வாங்கலாம்.

ஃபியூஸ் பேட்டரி பாசிடிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பம்ப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால், நடுவில் வயர் உரசி பாடியில் பட்டால் எரிவதைத் தடுக்க எதுவும் இல்லை. ஃபியூஸ் காப்பது பம்பை அல்ல, வயரை. 30 ஆம்பியர் பம்புக்கு 40 ஆம்பியர் மேக்ஸி ஃபியூஸ் சரி. பம்போடு வந்த ஃபியூஸ் வேறு அளவு என்றால் அதைப் பின்பற்றுங்கள். சாதாரண சின்ன பிளேட் ஃபியூஸின் பிளாஸ்டிக் ஹோல்டர் இந்த மின்னோட்டத்தில் உருகும்.

ரிலே இணைப்பு, அதன் மேல் எழுதிய முனை எண்களின்படி, இப்படி: 30 என்ற முனைக்கு ஃபியூஸிலிருந்து வரும் தடித்த வயர். 87-லிருந்து பம்பின் பாசிடிவ். 86-க்கு, காருக்குள் இருக்கும் சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய வயர். 85-லிருந்து எர்த். அழுத்தம் நிறைந்ததும் பம்பை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் இந்த மெல்லிய வயரின் வழியில்தான் வர வேண்டும், தடித்த வயரில் அல்ல. பம்பின் முழு மின்னோட்டத்தையும் சின்ன பிரஷர் சுவிட்ச் வழியே விட்டால் அதன் தொடுமுனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் பம்ப் நிற்காது. பாதுகாப்பு வால்வுதான் கடைசி நம்பிக்கை.

சுவிட்சுக்கு மின்சாரத்தை, சாவி திருப்பினால் மட்டும் உயிர் பெறும் ஃபியூஸிலிருந்து, கிளை ஃபியூஸ் ஹோல்டர் வைத்து 5 ஆம்பியரில் எடுங்கள். தொழிற்சாலை வயரை வெட்ட வேண்டாம். நேராகப் பேட்டரியிலிருந்து எடுத்தால், இரவில் எங்கோ காற்று கசிந்து பம்ப் தானாக ஓடி ஓடி, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ரிலேயை முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் தேங்காது. 40 ஆம்பியர் என்று எழுதிய ரிலே பானட் வெப்பத்தில் அவ்வளவு தாங்காது. இரட்டை மோட்டார் பம்புக்கு மோட்டாருக்கு ஒரு ரிலே என்று இரண்டு போடுங்கள்.

எர்த் இணைப்பில்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள். பெயிண்ட் மேல் முறுக்கிய போல்ட் எர்த் ஆகாது. வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டி, வளைய முனையை முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். புது வண்டிகளில் பேட்டரி நெகடிவ் முனையின் மேலேயே ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் வந்து போகிறது என்று அது கணக்கு வைக்கிறது. பம்பின் எர்த்தை நேராக நெகடிவ் முனையில் மாட்டினால் அந்தக் கணக்கில் பம்ப் வராது, சார்ஜ் முறை குழம்பும். சென்சாருக்கு அடுத்த பக்கம், பாடியிலோ சேஸிஸிலோ மாட்டுங்கள்.

முனைகளை நல்ல கிரிம்ப் கருவியால் நசுக்கி, பசையுள்ள சுருங்கு குழாய் போடுங்கள். குறடால் நசுக்கிய முனை இழுத்தால் கழன்று வரும். இழுத்துப் பாருங்கள். ஃபயர்வாலை, அதாவது இஞ்சினுக்கும் காருக்குள்ளும் நடுவே இருக்கும் தகட்டை, கடக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்பை மூடும் வளையம்) இல்லாமல் எந்த வயரும் போகக் கூடாது.

காற்றுக் குழாய்

பம்பின் தலையிலிருந்து வெளிவரும் காற்று கொதிக்கும் சூடு. அதனால் முதல் அரை மீட்டருக்கு, உள்ளே டெஃப்லானும் வெளியே ஸ்டீல் பின்னலும் கொண்ட ஹோஸ்தான். நைலான் குழாயை நேராகப் பம்பில் சொருகினால் இளகி, ஒரு நாள் பட்டென்று கழன்றுவிடும். சூடு ஆறியபின் 8 மி.மீ. நைலான் குழாய் போதும். பித்தளை உடல் கொண்ட சொருகு மூட்டுகளை வாங்குங்கள். குழாயைக் கத்தரியால் வெட்டாமல் குழாய் வெட்டியால் நேராக வெட்டுங்கள். சரிந்த வெட்டு எப்போதும் கசியும்.

மரை விஷயத்தில் கவனம். நம் ஹார்ட்வேர் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் மரை. அமெரிக்கப் பம்புகளில் என்.பி.டி. கால் அங்குலத்தில் முன்னது ஒரு அங்குலத்துக்கு 19 மரை, 55 டிகிரி. பின்னது 18 மரை, 60 டிகிரி. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும். இறுகியதைச் சரியாகப் பொருந்தியதாக நினைத்து ஸ்பேனரால் இழுத்தால் பம்பின் அலுமினியத் தலையில் மரை போய்விடும். கையால் நாலு சுற்றாவது ஏறவில்லை என்றால் நிறுத்துங்கள்.

வெள்ளை டேப்பை முதல் மரையை விட்டுவிட்டு, மரை ஏறும் திசையில், மூன்று சுற்று. முதல் மரை மேலும் சுற்றினால் டேப் துணுக்கு அறுந்து ஒருவழி வால்வில் போய் அமரும். மரை பசை திரவம் இருந்தால் அதுவே மேல்.

டேங்க் இருந்தால் பம்புக்கும் டேங்குக்கும் நடுவே ஒருவழி வால்வு அவசியம். இல்லையென்றால் டேங்கின் அழுத்தம் முழுதும் பிஸ்டன் மேல் நிற்கும், பம்ப் மறுபடி ஸ்டார்ட் ஆகத் திணறும், ஃபியூஸ் போகும்.

ஹோஸ் மாட்டும் குவிக் கப்ளரை முன் பம்பர் பக்கமோ டிரே ஓரமோ வையுங்கள், மூடியோடு. பம்போடு வருவது எதுவானாலும் நிட்டோ வகைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. நம் பட்டறைகளில் இருப்பது அதுதான். ஹோஸ் கிழிந்தாலும் பக்கத்து வண்டிக்காரரின் ஹோஸ் பொருந்தும்.

ஓட்டிப் பார்ப்பது

இஞ்சினை வெளியில், திறந்த இடத்தில் ஸ்டார்ட் செய்துவிட்டுப் பம்பைப் போடுங்கள். மூடிய கராஜில் வேண்டாம். டயரில் காற்று ஏறிக்கொண்டிருக்கும் போதே மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிடிவிலும் மறுமுனையைப் பம்பின் பாசிடிவிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ கோளாறு. ஃபியூஸ் ஹோல்டர், ரிலே, முனை என்று ஒவ்வொன்றின் இரு பக்கமும் வைத்துத் தேடினால் குற்றவாளி கிடைக்கும். இதே சோதனையை எர்த் பக்கமும் செய்யுங்கள். பிறகு ஃபியூஸ் ஹோல்டரையும் முனைகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு கூடாது.

அடுத்து கசிவு. பம்ப் தானாக நிற்கும் வரை விட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு நுரையை ஒவ்வொரு மூட்டிலும் தடவுங்கள். குமிழி வராத மூட்டு நல்ல மூட்டு. யாரும் காற்று எடுக்காத போதும் பம்ப் சில நிமிடத்துக்கு ஒரு முறை உறுமினால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

நாளடைவில் வரும் கோளாறுகள்

பம்ப் ஓடும் போதே நின்று, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் தானாக ஓடினால் அது வெப்பத் தடுப்பு. சுவிட்சை அணைத்துவிட்டு ஆற விடுங்கள். போட்டபடியே விட்டுவிட்டுப் பம்பில் கை வைத்தால் எதிர்பாராமல் ஓடத் தொடங்கும். அடிக்கடி இப்படி ஆனால் இடத்தையும் வோல்ட்டையும் மறுபடி பாருங்கள். சுவிட்ச் போட்டால் ரிலே டிக் என்கிறது, பம்ப் ஓடவில்லை: ஃபியூஸ் அல்லது எர்த். டிக் சத்தமே இல்லை: மெல்லிய வயர் வழி, அதிலும் பெரும்பாலும் பிரஷர் சுவிட்சின் முனை. பம்ப் ஓடுகிறது, காற்று வரவில்லை: ஃபில்டர் சேற்றால் அடைந்திருக்கும், அல்லது பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும்.

டேங்க் உள்ளவர்களுக்கு முக்கிய எதிரி தண்ணீர். நம் காற்று 30 டிகிரியில், 80 சதவீத ஈரத்தில், ஒரு கன மீட்டரில் சுமார் 24 கிராம் நீராவியைச் சுமக்கிறது. அதை எட்டில் ஒரு பங்காக அழுத்தி ஆறவிட்டால் சுமார் 20 கிராம் தண்ணீராகப் பிரிந்துவிடும். அது டேங்கின் அடியில் துருவாகிறது, லாக்கருக்குக் காற்றைத் திறந்துவிடும் மின் வால்வில் (சோலினாய்டு) பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வடிகுழாயைத் திறந்து, தண்ணீர்ச் சிதறல் நின்று உலர்ந்த காற்று வரும் வரை விடுங்கள். லாக்கருக்குப் போகும் குழாயில் ஒரு தண்ணீர் பிரிப்பானும் வையுங்கள்.

ஃபில்டர் ஃபோமை மாதம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். முதல் இரண்டு பயணங்களுக்குப் பின் எல்லா போல்ட்டையும் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள். ரப்பர் புஷ் அமர்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். தார் ரோட்டோரம் சூடான டயரில் அடித்த காற்றை மறுநாள் காலை, வண்டி கிளம்பும் முன் அளந்தால் சில பி.எஸ்.ஐ. குறைந்திருக்கும். பம்பை ஒரு நிமிடம் போட்டு அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.